நூற்றெண்பது நாள்

கிளாக்ஸ்விக் மருத்துவமனையில்
முன்பு ஒரே ஒரு சர்வர்.
யார் யார் என்பது அதற்குத்தான் தெரியும்.
அக்டோபர் புயலில், விடியாத மூன்றேகாலுக்கு
அது செத்தபோது
பதினோரு வருடமாய் அங்கே இரவுப்பணி பார்க்கும் ரக்குல்
திரையின் முன் யாரோ ஆனாள்.
பெயரைத் தட்டினாள். கடவுச்சொல்லைத் தட்டினாள்.
உன்னைச் சரிபார்க்க இங்கே எவருமில்லை என்றது திரை.
மார்ஃபின் எத்தனை மில்லி என்பதை
இடது மணிக்கட்டில் பேனாவால் எழுதிக்கொண்டு
வார்டுக்கு ஓடினாள்.
காலையில் என் அறைக்கு வந்து
மணிக்கட்டை நீட்டினாள். ஒன்றும் சொல்லவில்லை.

இன்னொன்று கேட்டேன். நான்கு கூட்டம் நடந்தது.
ஒன்று ஓடுகிறதே, இரண்டெதற்கு என்றார் பொருளாளர் பார்டுர்,
இரண்டு சிறுநீரகத்தோடு உட்கார்ந்துகொண்டு.

பழையதற்கு லுண்டி என்று பெயர் வைத்தேன், புதியதற்குத் தெர்னா.
இரண்டும் எங்கள் கரைக்குக் கோடையில் வரும் பறவைகள்.
இரண்டையும் ஒரே அலமாரியில்
ஒரே பேட்டரியில் மாட்டினேன்.
சிரிக்காதீர்கள்,
எல்லோரும் முதலில் இதைத்தான் செய்கிறார்கள்.
நவம்பரில் பேட்டரி புகைந்தது.
இரண்டும் சேர்ந்தே போயின.

பிறகு தெர்னாவைக் காரின் பின்சீட்டில் உட்காரவைத்து
பெல்ட் போட்டு
கடலுக்கடியில் போகும் சுரங்கப்பாதை வழியே
அடுத்த தீவின் சிறு மருந்தகத்துக்குக் கொண்டுபோனேன்.
நடுவில் வானொலி அறுந்தது.
தலைக்கு மேல் பாறை, பாறைக்கு மேல் கடல்,
கடலுக்கு மேல் வழக்கமான மழை.
அதே சுரங்கத்தின் சுவரோரம் ஓடும் கேபிளில்தான்
இனி இரண்டும் பேசிக்கொள்ள வேண்டும்.

பேசிக்கொண்டன.
இங்கே ஒருத்தி கணவன் பெயரை உதறினால்
கால்மணிக்குள் அங்கே தெரியும்.
அந்தக் கால்மணி மட்டும்
அக்கரையில் அவள் இன்னும் மனைவி.

சோதித்துப் பார்க்க லுண்டியின் கேபிளை உருவினேன்.
ரக்குல் மறுபடி யாரோ ஆனாள்.
தெர்னா விழித்துத்தான் இருந்தது;
அதன் விலாசத்தைத்தான்
வார்டுக் கணினிகளிடம் நான் சொல்லியிருக்கவில்லை.
முப்பத்தேழு கணினி.
ஒவ்வொரு மேசைக்கு முன்னும் குனிந்து
இரண்டாவது விலாசத்தைக் கையால் எழுதினேன்.

இதுவரை அறிக்கையில் இருக்கிறது.
இனி வருவது இல்லை.

எக்ஸ்ரே அறை ஹானுஸ் பிப்ரவரியில் இறந்தார்.
முகம் மறப்பார், விலா எலும்பை மறக்கமாட்டார்.
அவர் கணக்கை லுண்டியில் அழித்தேன்.
அழித்தால் உடனே போய்விடாது,
நூற்றெண்பது நாள் ஒரு கல் நிற்கும்:
இன்னார் இருந்தார், இப்போது இல்லை.
அக்கரை சர்வர் வந்து வாசிப்பதற்காக.
நாள் முடிந்தால் கல்லும் போகும்.

தெர்னா வாசிக்கவில்லை.
அவர் இறந்த வாரத்துக்கு முந்தின வாரம்
மருந்தகக் கூரை அதன்மேல் ஒழுகியிருந்தது.
உதிரிபாகம் கோபன்ஹேகனிலிருந்து வர,
பார்டுர் கையெழுத்துப் போட,
இடையில் நான் மறந்துபோக,
செப்டம்பர் ஆயிற்று.

பொத்தானை அழுத்தினேன். எழுந்தது.
பட்டியலில் ஹானுஸ் இருந்தார்.
எக்ஸ்ரே பிரிவு. உள்தொலைபேசி நான்கு ஒன்று ஏழு.
கல் எப்போதோ கரைந்துவிட்டது,
இனி லுண்டிக்கும் சொல்லத் தெரியாது.
அவர் கடவுச்சொல்லை எவராவது தட்டியிருந்தால்
தெர்னா கதவைத் திறந்திருக்கும்.

உடனே துடைக்க வேண்டும், அதுதான் முறை.
அடுத்த அறையில் சுன்வா மாத்திரை எண்ணிக்கொண்டிருந்தாள்.
நான் காபி குடித்தேன்.
கோப்பையைக் கழுவினேன். இன்னொரு முறை கழுவினேன்.
பிறகு துடைத்தேன்.
ஒரே ஆளை இரண்டு தடவை.

இந்த அக்டோபரில் ஓர் இரவு, மூன்றேகாலுக்கு,
எவரிடமும் சொல்லாமல் லுண்டியை நிறுத்தினேன்.
வார்டு வாசலில் நின்று பார்த்தேன்.
ரக்குல் பெயரைத் தட்டினாள், கடவுச்சொல்லைத் தட்டினாள்,
மருந்துச் சீட்டைத் திறந்தாள்.
இந்நேரத்தில் இங்கே என்ன என்றாள் என்னைப் பார்த்து.
சும்மா என்றேன்.
சும்மாதானே, காபி மெஷின் மூன்று நாளாய்ச் செத்துக்கிடக்கிறது,
அதற்கும் இன்னொன்று வாங்குங்கள் என்றாள்.